காவல் தூள்

அந்தத் தேயிலைத் தொழிற்சாலையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது சம்பளப் பிரிவு மட்டும்தான். மற்றவர்களுக்கெல்லாம் அவர் கமகமண்ணே. அவரைவிட மூத்த இரண்டு பேர் வாய் நிறைய 'கமகமா' என்பார்கள். அவர் வருவது கண்ணுக்குத் தெரியும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும் என்பதால் வந்த பெயர். இருபத்துமூன்று வருடமாகக் கறுப்புத் தேயிலைக்கு பெர்கமாட் எண்ணெய் ஏற்றுவதுதான் அவர் வேலை. அழகான தகரப் பெட்டியில், எலுமிச்சையும் ஆரஞ்சும் சண்டை போட்டதுபோல ஒரு வாசனையோடு கறுப்பு டீ விற்பார்களே, அந்த வாசனை தேயிலையோடு பிறந்ததில்லை. அவரைப்போல ஒருவர் எங்கோ ஓர் அறையில் நின்று ஏற்றியது.

வேலை பார்வைக்கு லேசு. ஆள் நுழையுமளவுக்குப் பெரிய எஃகு டிரம்மில் இருநூறு கிலோ தூளைக் கொட்டி மூட வேண்டும். டிரம் மெல்லச் சுற்றும். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வழியாக எண்ணெய் பனிபோலத் தூளின்மேல் இறங்கும். இருபது நிமிடம். எண்ணெய் கொஞ்சம் கூடினால் டீ சோப்புத் தண்ணீராகிவிடும். குறைந்தால் வாங்கியவன் திட்டுவான். முடிந்ததும் தூளை மூடிய பீப்பாய்களில் இரண்டு நாள் ஊற விட்டு, டிரம்மைத் துடைத்து, அடுத்த இருநூறு கிலோவைக் கொட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது டிரம். ஒன்பதாவதைத் துடைத்து நிமிரும்போது இடுப்பு ஒரு பக்கமும் ஆள் ஒரு பக்கமுமாக நிற்பதுபோல் இருக்கும் அவருக்கு. வயது ஐம்பத்துநான்கு.

எண்ணெய் பட்ட தோலில் வெயில் பட்டால் கறுத்துவிடும். அவர் முழங்கை வரை பழுப்புத் திட்டுகள், வரைபடத்தில் தீவுகள் கிடப்பதுபோல. இத்தனைக்கும் அந்த பெர்கமாட் பழத்தை அவர் ஒருநாளும் கண்ணால் பார்த்ததில்லை. எண்ணெய் கேனில் ஒட்டியிருக்கும் படம் மட்டும் தெரியும்: மஞ்சளாக, காம்புப் பக்கம் கொஞ்சம் கூம்பி, ஆரஞ்சு அளவில். புளிப்பும் கசப்புமாக இருக்குமாம், யாரும் உரித்துத் தின்பதில்லையாம். தோலைப் பிழிந்து எண்ணெய் எடுப்பதற்காகவே வளர்க்கிறார்கள். ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இருநூறு கிலோ பழம் வேண்டும்.

தகரப் பெட்டியின் பின்பக்கம் ஒரு கதை அச்சடித்திருக்கும். ஒரு பிரபு, ஒரு கப்பல், ஒரு புயல். பழப் பெட்டியும் தேயிலைப் பெட்டியும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்து ஒன்றின் வாசனை இன்னொன்றுக்கு ஏறிவிட்டதாம். பார்வையாளர்கள் வந்தால் மேனேஜர் அந்தக் கதையைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கமகமண்ணனின் மனைவி அதைக் கேட்டால் சிரிப்பாள்.

"பிரபுவாவது கப்பலாவது. ஏதோ ஒரு வியாபாரி மட்டத் தூளோட குறையை மறைக்க ஊத்தியிருப்பான். அது நல்லா வித்திருக்கும். அப்புறம் பிரபுவைத் தேடிப் புடிச்சிருப்பாங்க."

"அப்போ நான் குறையை மறைக்கிறவன். அப்படித்தான?"

"நீங்க மறைக்கிறவர். நான் கண்டுபிடிக்கிறவ. நல்ல ஜோடி போங்க."

அவள் அதே தொழிற்சாலையில் டேஸ்டர். மேல்மாடியில் பெரிய கண்ணாடி ஜன்னல்களுக்கு முன்னால் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள் இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி மொண்டு, காற்றோடு சேர்த்து 'சுர்ர்' என்று உறிஞ்சி, நாக்கில் புரட்டி, இடுப்புயரத் துப்பல் பாத்திரத்தில் துப்பிவிட்டு, அடுத்த கோப்பைக்கு நகர்வாள். ஒரு காலைக்கு இருநூறு கோப்பை. அவள் மூக்கையும் நாக்கையும் நம்பித்தான் லாரி லாரியாகத் தூள் வாங்கினார்கள். 'மூக்கு மேடம்' என்று கீழே பேசிக்கொள்வார்கள். அவளுக்கும் அது தெரியும்.

தேயிலைக்கு ஒரு குணம் உண்டு. பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாடையைக் குடித்துவிடும். வெங்காயமோ, பெயிண்டோ, மனிதனோ, அதற்குப் பேதம் கிடையாது. அதனால் வாசனைப் பிரிவுக்காரர்களுக்குத் தனி வாசல், தனி அலமாரி, கேன்டீனில் புகைபோக்கிக்குக் கீழே தனி மேஜை. வாசனைப் பிரிவுக்கும் சாதா தூள் கூடத்துக்கும் நடுவில் இரண்டு கதவு வைத்த ஒரு குட்டி அறை. அங்கே திறந்த தட்டுகளில் சாதா தூளைப் பரப்பி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் காவல் தூள். கதவிடுக்கில் கசியும் பெர்கமாட்டை அது உறிஞ்சிக்கொள்ளும். திங்கட்கிழமைதோறும் அந்தத் தூளில் ஒரு கோப்பை போட்டு டேஸ்டர் பார்ப்பார். அதில் வாசனை இருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். இல்லாவிட்டால் நோட்டில் ஒரே வார்த்தை எழுதுவார்: சுத்தம்.

அவர்கள் கல்யாணமே அந்தத் தட்டில் தொடங்கியதுதான். அவர் வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வாரம் காவல் தூளில் வாசனை ஏறியிருந்தது. மேலே கூப்பிட்டார்கள். மாடிக்குள் விடவில்லை, சுவரில் சாம்பிள் வாங்கும் சின்ன ஜன்னல் வழியாகத்தான் விசாரணை.

"ரெண்டு கதவையும் ஒண்ணாத் திறந்தது யாரு?" என்றாள் அவள்.

"நான்தாங்க. கை ரெண்டுலயும் மூட்டை இருந்துச்சு."

"உங்க வாசனை என் கோப்பை வரைக்கும் வந்துடுச்சு."

பின்னால் நின்ற மூட்டைக்காரர் இதை ஊருக்கே சொல்லிவிட்டார். "பொண்ணே வாய்விட்டுச் சொல்லிடுச்சுடா, இனி தட்டு மாத்தறதுதான் பாக்கி!" பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்று ஆளாளுக்குக் கேலி. இங்கே பூ யார், நார் யார் என்று கேன்டீனில் ஒரு வாரம் வாதம் நடந்தது.

குடித்தனம் நடத்தியது வேறு கதை. டேஸ்டரின் வீட்டில் பவுடர் கிடையாது, தலைக்கு வாசனை எண்ணெய் கிடையாது, ஊதுவத்தி கிடையாது. சோப்பும் வாசனையில்லாத வெள்ளைக் கட்டி. வெங்காயம், பூண்டு சனிக்கிழமை இரவு மட்டும். அவர் தொழிற்சாலையிலேயே இரண்டு முறை குளித்து, வேறு சட்டை மாற்றி, வீட்டுக்கு வந்து மூன்றாவது முறை குளிப்பார். அப்படியும் வேலை நாட்களில் முன்னறையில்தான் படுக்கை. அவள் உள்ளறையில், கதவைச் சாத்திக்கொண்டு. சனிக்கிழமை இரவு கதவு திறக்கும்.

"சனிக்கிழமை வீட்டுக்காரர்" என்று அவரை அவள் தங்கை கிண்டல் செய்வாள். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் போயிற்று. அவளுக்கென்று ஒட்டவைத்த வாசனை எதுவும் இல்லை. அவள் அவளாக மட்டுமே மணந்தாள், அதுவும் மிக மிக மெல்லிசாக. அந்த வாசனை அவருக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அவர் மூக்கில் எண்ணெய் குடியேறி வருடங்கள் ஆகிவிட்டன. வேறு எதற்கும் அது திரும்பிப் பார்ப்பதில்லை.

காய்ச்சல் என்று படுத்தாள். பதினெட்டு நாள். ஆஸ்பத்திரிக்கு அவர் வழக்கம்போல் குளித்து, மாற்றி, கையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய், கட்டிலுக்கு இரண்டடி தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"கிட்ட வாங்களேன்," என்றாள் அவள். "இனிமே நான் எந்தக் கோப்பையும் பார்க்கப் போறதில்ல."

அதற்குப் பின் ஐந்து நாள் இருந்தாள்.

மகளுக்குத் தொலைதூர நகரத்தில் வேலை, ஒரு பல் மருத்துவமனையின் முன்மேஜையில். வந்தாள், மூன்று நாள் இருந்தாள், லீவு இல்லை என்று திரும்பினாள். போன ஒரு வாரத்தில் போன் செய்தாள்.

"அப்பா, அம்மாவோட அந்தச் சாம்பல் கலர் ஸ்வெட்டர் எங்க இருக்கு?"

"பீரோல. அவ வெச்ச எடத்துல அப்படியே இருக்கு." மேல்மாடியின் குளிருக்கு அவள் தினமும் போட்டுக்கொண்டது. நோய்க்கு முந்தின நாள் கழற்றி மடித்து வைத்திருந்தாள்.

"துவைச்சிடாதீங்க. நீங்க கையால தொடவே தொடாதீங்க. அதுல அம்மா வாசம் இருக்கும்பா. எனக்கு அது வேணும்."

"பார்சல்ல அனுப்பட்டுமா?"

"ஐயோ வேணாம். ஏதாவது மருந்து மூட்டையோட போட்டு நாறடிச்சிருவாங்க. ஆறு வாரத்துல லீவு எடுத்துட்டு நானே வர்றேன். அதுவரைக்கும் உங்க வாடை அதுல ஏறாமப் பார்த்துக்கோங்க. சத்தியமா?"

"சத்தியமா," என்றார்.

அன்றிலிருந்து அவருக்கு வேறு நினைப்பே இல்லாமல் போயிற்று. துக்கத்துக்குக் கையில் ஒரு வேலை கிடைத்தால் அது கொஞ்சம் அடங்கி உட்காரும். இரண்டே அறை வீடு. ஒரே பீரோ. தொழிற்சாலையிலிருந்து அவர் சுமந்து வரும் வாசனை சுவரில் ஏறும், திரையில் ஏறும். பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டலாமா என்று யோசித்தார். 'பிளாஸ்டிக்குக்குன்னே ஒரு வாடை உண்டு' என்று அவள் எத்தனை முறை சொல்லியிருக்கிறாள்! மேல்மாடியில் சாதா சாம்பிளை ஒருநாளும் பிளாஸ்டிக்கில் கட்டமாட்டார்கள். அந்த யோசனையை விட்டார்.

பிறகுதான் அது தோன்றியது. தோன்றியதும், இவ்வளவு நேரம் ஏன் தோன்றவில்லை என்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார். சாதா தூள் கூடத்திலிருந்து கொஞ்சம் தூள் கேட்டு வாங்கி, சாம்பிள் கட்டும் பருத்திப் பைகள் இரண்டில் நிரப்பினார். வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு பீரோவைத் திறந்து, ஸ்வெட்டரின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பையை வைத்து மூடினார். காவல் தூள். வாசனை கதவிடுக்கில் வந்தால் முதலில் அதைத் தாண்டட்டும்.

திங்கட்கிழமைதோறும் பை மாற்றினார். பழைய பையிலிருந்து ஒரு பிடித் தூளை எடுத்துக்கொண்டு மாடி ஜன்னலுக்குப் போவார். மனைவியின் இடத்துக்கு வேறு கம்பெனியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். முப்பது வயதிருக்கும், நல்ல கெட்டிக்காரி. மனைவியை அவள் பார்த்ததேயில்லை. அவர் யார் வீட்டுக்காரர் என்பதும் அவளுக்குத் தெரியாது, அவரும் சொல்லவில்லை. சொன்னால் அவள் முகம் மாறும், பிறகு ஆறுதல் சொல்வாள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கெல்லாம் அவரிடம் தெம்பில்லை.

"வீட்டு பீரோல வெச்சிருந்த தூளும்மா. பெர்கமாட் ஏறியிருக்கான்னு பார்த்துச் சொல்லணும்."

அவள் ஏனென்று கேட்கவில்லை. வாசனைப் பிரிவுக்காரர்களுக்கு ஆயிரம் கவலை. தன் காவல் தட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் இன்னொரு கோப்பை போடுவாள். உறிஞ்சுவாள், துப்புவாள், பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து ஏதோ கிறுக்குவாள்.

"பெர்கமாட் இல்லண்ணே."

"துளிகூட இல்லையா?"

"துளிகூட இல்ல. நல்லாக் காவல் காக்கறீங்க."

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவர் அடுத்த ஒன்பது டிரம்மையும் துடைப்பார். கையுறையோடு பை மாற்றுவதும், பீரோவை நான்கு விரல் அகலத்துக்கு மேல் திறக்காததும், வீட்டில் நான்காவது குளியல் ஒன்று சேர்ந்ததும் வீண் போகவில்லை. பையில் மீந்த தூளை எறிய மனம் வராமல், வாரம் முழுக்கக் காலையில் அதையே டீ போட்டுக் குடித்தார். சர்க்கரை போடாமல், நின்றபடியே.

ஐந்து வாரம் இப்படி ஓடியது. ஆறாவது திங்கட்கிழமை புது டேஸ்டர் ஜன்னல் வழியாகச் சிரித்தாள்.

"அண்ணே, இந்த வாரம் ரொம்பச் சுத்தம். எங்க தட்டுகூட இப்படி வராது."

"பெர்கமாட் இல்லையே?"

"அதுதான் எப்பவுமே இல்லையே. நான் சொல்றது அந்த இன்னொண்ணு. அதுவும் இப்போ போயிடுச்சு."

"எந்த இன்னொண்ணு?"

"மொத வாரத்துல இருந்தே இருந்துச்சுல்ல? வாராவாரம் கொறைஞ்சுக்கிட்டே வந்துச்சு. பீரோவுக்குள்ள இருந்த ஏதோ துணி வாடைன்னு நெனைச்சேன்." அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "நீங்க பெர்கமாட் மட்டும்தானண்ணே கேட்டீங்க?"

"ஆமாம்மா," என்றார் அவர். "அது மட்டும்தான் கேட்டேன்."

படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். இருபத்துமூன்று வருடம் தேயிலைக்குள்ளேயே கிடந்தவர். அதற்குப் பேதம் கிடையாது என்பது பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த தொழிற்சாலை அது. வெளியிலிருந்து வருவதைத் தடுக்க வைத்த தூள், பக்கத்திலேயே இருந்ததை முதலில் குடித்துவிட்டது. வாரம் தவறாமல் பழைய தூளை எடுத்துவிட்டுப் பசியோடு இருக்கும் புதுத் தூளை வைத்தவரும் அவரேதான். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். வேலி போட்டவர் வரப்பில் உட்கார்ந்து பெருமைப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கையுறை இல்லாமல், பீரோவை முழுக்கத் திறந்தார். ஸ்வெட்டரை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்தது அவர் கை வாசனைதான். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவைக் கூப்பிட்டார்.

"இதை மோந்து பார்த்து என்ன வாடை வருதுன்னு சொல்லுங்களேன்."

அந்தம்மா ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு முகர்ந்தாள். "டீத்தூள் வாடை வருது. அப்புறம், எப்பவும் வர்ற உங்க வாடை. ஏங்க, துவைச்சுட்டீங்களா?"

"இல்லங்க."

"துவைச்ச மாதிரியே இருக்கே."

செவ்வாய், புதன், வியாழன். டிரம் சுற்றச் சுற்ற அவரும் யோசித்துக்கொண்டிருந்தார். மகளிடம் என்ன சொல்வது? ஒன்றும் சொல்லாவிட்டால் என்ன? மனசுக்குப் பிடித்ததை மூக்கு தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும் என்பார்கள். அவளே முகர்ந்துவிட்டு, இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிட்டால்? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று விட்டுவிடலாமே. ஆனால் அவள் கழுதை இல்லை. மூக்கு மேடத்தின் மகள். வெள்ளிக்கிழமை ஏழாவது டிரம்மில் எண்ணெய் கூடிவிட்டது. இருபத்துமூன்று வருடத்தில் இரண்டாவது முறை. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் போங்க, ரெஸ்ட் எடுங்க," என்றார். வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுப்பது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வந்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, கையை விரித்துக் காட்டினாள்.

"பாருங்க, மூணு நாளா நான் சோப்பே போடல. ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரி மூக்கைப் புடிச்சுக்கிட்டா. போடின்னுட்டேன். ஸ்வெட்டர் எங்கப்பா?"

சொல்லிவிடலாம் என்று அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் உள்ளறைக்குப் போய்விட்டாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அவர் கதவுநிலையில் போய் நின்றார். மகள் ஸ்வெட்டரைக் கழுத்துப் பக்கம் முகர்ந்தாள். கக்கத்துப் பக்கம் முகர்ந்தாள். உள்பக்கம் திருப்பி, கண்ணை மூடி, அம்மா செய்வதுபோல் வாயாலும் கொஞ்சம் காற்றை உறிஞ்சிப் பார்த்தாள்.

"அப்பா, இதுல ஒண்ணுமே இல்லையே."

அவர் சொன்னார். நின்றபடியே, முதலிலிருந்து கடைசி வரை, ஷிப்டு மாற்றும்போது அடுத்த ஆளிடம் ஒப்பிப்பதுபோல, ஒன்றையும் விடாமல் சொன்னார்.

"யார் உங்களை அதெல்லாம் பண்ணச் சொன்னா?" அவள் குரல் கிறீச்சிட்டது. "சும்மா மூடி வைங்கன்னா மூடி வைக்க வேண்டியதுதான? எதுலயும் கொஞ்சம் கூடுதலா ஏதாவது பண்ணணும் உங்களுக்கு!"

"என் வாடை ஏறிடும்னு பயந்தேன்மா."

"ஏறினா ஏறிட்டுப் போகுது! ரெண்டும் கலந்து இருந்திருக்கும்ல? அதுல பாதியாவது அம்மாவா இருந்திருக்கும்ல?"

மகள் கட்டிலில் உட்கார்ந்து, ஸ்வெட்டரை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பாதி குடித்துவிட்டுக் கேட்டாள்:

"அந்தப் பழைய தூளெல்லாம் எங்க? ஒரு பையாவது இருக்கா?"

அவர் தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்கப்பா."

"குடிச்சிட்டேன்."

"என்னது?"

"வீணாப் போகுதேன்னு டீ போட்டு... தெனமும் காலைல."

மகள் அவரை வெறித்துப் பார்த்தாள். அழுகைக்கு நடுவில் ஒரு சிரிப்பு, அவளுக்கே பிடிக்காமல், பீறிட்டு வந்தது. புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எப்படி இருந்துச்சு?"

"எனக்கு என்னடா தெரியும்? சுடுதண்ணி மாதிரி இருந்துச்சு."

தெருவில் யாரோ இரும்புக் கதவைத் தள்ளி மூடினார்கள். பிறகு மகள் நிமிர்ந்தாள்.

"அந்த டேஸ்டரக்கா என்ன வாடை இருந்துச்சுன்னு சொன்னாங்க?"

"நான் கேக்கல."

"கேக்கலையா?"

"கேக்கத் தோணல. படி இறங்கிட்டேன்."

"நோட்டுல எழுதுவாங்கன்னு சொன்னீங்களே. அம்மாவும் எல்லாத்தையும் எழுதி வெப்பாங்களே. போன் போடுங்க."

"ஞாயித்துக்கிழமை, பாவம், அந்தப் பொண்ணு..."

"போடுங்கப்பா."

போட்டார். மகள் போனை வாங்கி, சத்தத்தைக் கூட்டி, கட்டிலின்மேல் வைத்தாள். யார், எதற்கு என்று அவளே விளக்கினாள். லைன் போய்விட்டதோ என்று அவர் குனிந்து பார்த்தார்.

"அண்ணே," என்றாள் புது டேஸ்டர் கடைசியில். "அவங்க உங்க வீட்டுக்காரம்மாவா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"சொல்லியிருக்கலாம்மா."

"நோட்டு என் பையிலதான் இருக்கு. நான் அவங்களைப் பார்த்ததில்ல. கோப்பைல என்ன தெரிஞ்சுதோ அதைத்தான் கிறுக்கியிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்க."

"படிங்கக்கா," என்றாள் மகள்.

தாள் புரளும் சத்தம் கேட்டது.

"ஒண்ணாவது வாரம். கம்பளி. அதுக்கு அடியில மனுஷ வாடை. பொம்பளை. சோப்பு இல்ல, பவுடர் இல்ல, எண்ணெய் இல்ல. காய்ஞ்ச காகிதம் மாதிரி. கழுத்துக்கிட்ட வர்ற சூடு. கொஞ்சம் உப்பு." நிறுத்தினாள். "ரெண்டாவது வாரம். அதேதான், உப்பு மட்டும் இல்ல. மூணாவது வாரம். கம்பளி முன்னாடி நிக்குது, ஆள் பின்னாடி. நாலாவது. கம்பளி. ஆள் இருக்கற மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. அஞ்சாவது. கம்பளி, லேசா." குரல் தயங்கியது. "ஆறாவது. சுத்தம்."

அவர் பீரோவின்மேல் சாய்ந்து நின்றிருந்தார். மகள் ஸ்வெட்டரின் கையைச் சுருட்டுவதும் விடுவதுமாக இருந்தாள்.

"அக்கா, மொத வாரத்தை இன்னொரு தடவை படிப்பீங்களா? மெதுவா."

"கம்பளி," என்று ஆரம்பித்தாள் அந்தப் பெண். இப்போது தாளிலிருந்து படிப்பதுபோல் இல்லை. யாரையோ முன்னால் நிறுத்திப் பார்த்துச் சொல்வதுபோல் இருந்தது. "அதுக்கு அடியில மனுஷ வாடை. பொம்பளை. சோப்பு இல்ல. பவுடர் இல்ல. எண்ணெய் இல்ல. காய்ஞ்ச காகிதம் மாதிரி. கழுத்துக்கிட்ட வர்ற சூடு..."

அங்கே அவள் நிறுத்தினாள். மகள் போனைப் பார்த்துக் காத்திருந்தாள்.

"கொஞ்சம் உப்பு," என்றார் அவர்.